மரத்தைச் சந்தேகிக்கும் முன் கிளிப்பைப் பாருங்கள்: பச்சைய ஒளிர்வு அளவீட்டில் வரும் கோளாறுகள்

போன மாதம் ஒரு காலை, பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் பக்கத்து அலையாத்திக் காட்டில் இலைகளின் பச்சைய ஒளிர்வை அளக்கப் போன மாணவனிடமிருந்து புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) செய்தி வந்தது. "அண்ணே, மரமெல்லாம் போச்சு. எல்லாமே 0.58, 0.61தான் காட்டுது." கூடவே ஒரு படம். படத்தில் இலை என்னவோ எண்ணெய் தடவியதுபோல் பளபளவென்று பச்சையாக இருந்தது.

"தம்பி, மரத்தை விடு. கிளிப்பைத் திறந்து உள்பக்கத்தைக் கிட்ட வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு" என்றேன்.

கிளிப் என்பது, அளக்கும் முன் இலையின் ஒரு பகுதியைக் கவ்வி இருட்டில் வைக்கும், சிறு கதவுள்ள சாதனம். வந்த படத்தில், இலையைச் சுற்றி வெளிச்சம் புகாமல் அடைக்க வேண்டிய கறுப்பு நுரைவளையம் பாதிதான் இருந்தது. மீதி, டப்பா மூடாமல் வைத்த பிஸ்கட்டைப் போல் பொடிந்து கிளிப்பின் மூலையில் கிடந்தது. கடற்காற்றும் ஈரமும் இந்த நுரையை ஒன்றிரண்டு வருடத்தில் தின்றுவிடும். மரம் சாகவில்லை, நுரைதான் செத்திருந்தது.

பினாங்கில் ஓர் ஆய்வகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பச்சைய ஒளிர்வு அளக்கும் பேம் கருவியும் அதில் ஒன்று. (PAM, துடிப்பொளி அனுப்பி அளக்கும் முறையின் ஆங்கிலச் சுருக்கம். 'பாம்' என்று உச்சரித்தால் வெடிகுண்டோ என்று பக்கத்து அறைக்காரர் பதறுவார் என்பதால் இங்கே எல்லாருக்கும் அது பேம்.) வருடத்துக்கு வருடம் புது மாணவர்கள் வருகிறார்கள், அதே கோளாறுகளோடு வருகிறார்கள். அதனால் அவர்கள் வாயில் வரும் வார்த்தையையே தலைப்பாக வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் கோளாறு எதுவோ அங்கே போய்ப் படியுங்கள். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டாதீர்கள்.

அந்த எண் என்ன சொல்கிறது

இலை வாங்கிய ஒளிக்கு மூன்று வழிதான் உண்டு. ஒளிச்சேர்க்கைக்குப் போகலாம், வெப்பமாகப் போகலாம், அல்லது சிவப்பு ஒளியாக வெளியே திரும்பி வரலாம். திரும்பி வருவது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். ஆனால் முதல் இரண்டு வழிகளில் எது அடைபட்டாலும் மூன்றாவதில் அது தெரியும். இருட்டில் இருந்த இலையின் மேல் திடீரென ஒளி பட்டால் இந்தச் சிவப்பு குபீரென ஏறி, பிறகு மெல்ல இறங்குகிறது என்று 1931-இல் காவுட்ஸ்கியும் ஹிர்ஷும் எழுதினார்கள். இன்றைக்கும் நாம் செய்வது அதேதான். கருவி மட்டும் மாறியிருக்கிறது.

இருட்டில் கொஞ்ச நேரம் வைத்த இலையில் ஒளியை வாங்கும் மையங்கள் எல்லாம் திறந்திருக்கும். அப்போது வரும் குறைந்த ஒளிர்வு எஃப்-ஓ. ஒரு வினாடிக்கும் குறைவாக மிகப் பலமான ஒளியை அடித்தால் (இதைத்தான் பல்ஸ் என்கிறோம்) எல்லா மையங்களும் மூடிக்கொள்ளும். அப்போது வரும் உச்சம் எஃப்-எம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எஃப்-எம்மால் வகுத்தால் நாம் எழுதும் விகிதம் கிடைக்கும். பியோர்க்மனும் டெம்மிக்கும் 1987-இல் பலவகைச் செடிகளை அளந்து, நலமான இலைக்கு இது 0.83-ஐ ஒட்டி வருகிறது என்று காட்டினார்கள். எல்லாரும் துரத்துகிற எண் அதுதான்.

எதற்கும் முன்னால்: சாட்சி இலை

ஆய்வக நடைவழியில், வெயில் நேராகப் படாத சன்னல் ஓரம், ஒரு மணி பிளான்ட் தொட்டி வைத்திருக்கிறேன். கருவியை வெளியே எடுத்துப் போகும் ஒவ்வொரு நாளும் முதலில் அதில் ஒரு முதிர்ந்த இலையை அளந்து நோட்டில் குறிக்க வேண்டும். 0.80-க்குக் கீழே வந்தால் கருவியை எடுத்துக்கொண்டு யாரும் கிளம்பக் கூடாது. திரும்பி வந்ததும் மறுபடி ஒரு முறை. இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல் மூன்று நாள் தரவைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. பெயர் வேண்டாம்.

"இலை பச்சையாத்தான் இருக்கு, ஆனா 0.6தான் வருது"

பத்தில் ஏழு அழைப்பு இதற்குத்தான் வரும். விகிதத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. எஃப்-ஓ, எஃப்-எம் இரண்டையும் தனித்தனியாக எடுத்து, சாட்சி இலையின் எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஏறியது எது, இறங்கியது எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் கவலையே இல்லை. கருவிக்கும் இலைக்கும் நடுவே ஒளியைக் கொண்டுபோகும் ஒளியிழை தள்ளி இருந்திருக்கும், அல்லது இலை துளையை முழுசாக மூடியிருக்காது. அதனால் விகிதம் கெடாது.

எஃப்-ஓ ஏறியிருந்தால் முதலில் வெளிச்சக் கசிவைப் பாருங்கள். இங்கே மாணவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள்: "பேம் கருவி தான் அனுப்பிய துடிப்பொளிக்கு வரும் பதிலை மட்டும்தானே பார்க்கும், வெயில் நுழைந்தால் என்ன?" வாதம் சரி, முடிவு தப்பு. 1980-களில் ஜெர்மனியில் உல்ரிச் ஷ்ரைபர் இந்த முறையைக் கொண்டுவந்ததே வெயிலிலும் அளப்பதற்காகத்தான். ஆனால் கருவிக்கு வெயில் தெரியாவிட்டாலும் இலைக்குத் தெரியும். கசிகிற வெளிச்சம் சில மையங்களை மூடிவிடும், எஃப்-ஓ அங்கேயே ஏறிவிடும்.

சோதிப்பது எளிது. இருட்டறைக்குப் போங்கள். கைப்பேசி டார்ச்சைப் போட்டு, கிளிப்பின் ஒரு பக்கத் துளையில் ஒட்டி வையுங்கள். கிளிப் மூடியிருக்க வேண்டும், சிறு கதவும் சாத்தியிருக்க வேண்டும். அலையாத்தி இலை தடிப்பானது, அதனால் அதே தடிப்பில் ஓர் அட்டையை இடையில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். நல்ல கிளிப் கும்மிருட்டாக இருக்கும். கெட்டுப்போனதில் நுரை விட்டுப்போன இடத்தில் நகக்கீறல்போல ஒரு வெள்ளைக் கோடு தெரியும். பாலிக் புலாவிலிருந்து வந்த பன்னிரண்டு கிளிப்பில் ஒன்பதில் அந்தக் கோடு இருந்தது. பழைய நுரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கதவிடுக்கில் ஒட்டும் கறுப்பு நுரைப்பட்டையை வாங்கி வெட்டி ஒட்டினோம். வன்பொருள் கடையில் சில வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கும்.

கசிவு இல்லையென்றால் அளவொளியைச் சோதியுங்கள். எஃப்-ஓ-வை அளப்பதற்காகவே கருவி ஒரு மங்கலான ஒளியை அனுப்புகிறது. அது ஒளிச்சேர்க்கையைத் தூண்டாத அளவுக்கு மங்கலாக இருக்க வேண்டும். பல்ஸ் எதுவும் அடிக்காமல் அளவொளியை மட்டும் போட்டு ஒரு நிமிடம் கோட்டைப் பாருங்கள். படுத்த கோடாக இருந்தால் சரி. மெல்ல ஏறினால் அளவொளியே இலையை எழுப்பிக்கொண்டிருக்கிறது. அதன் பலத்தையோ துடிப்பு எண்ணிக்கையையோ குறையுங்கள்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. கறுப்புக் கிளிப்பை வெயிலில் இலையோடு அரை மணி நேரம் விட்டால் உள்ளே இலை வெந்துபோகும். வெப்பம் ஓர் அளவைத் தாண்டினால் எஃப்-ஓ செங்குத்தாக ஏறும், அதற்குப் பிறகு அந்த இலை பழைய நிலைக்கு வராமலே போகலாம். அதாவது, அளக்கப் போன நாமே இலையைக் கெடுத்துவிட்டோம். கிளிப்பின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றுங்கள்.

எஃப்-எம் இறங்கியிருந்தால் பல்ஸின் வடிவத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு ஏறி, சமதளமாகி, அப்படியே நிற்க வேண்டும். பல்ஸ் முடியும் வரை ஏறிக்கொண்டே இருந்தால் ஒளி போதவில்லை. பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது ஒளியிழையின் நுனியில் அழுக்கு இருக்கும். ஏறியபின் கடைசியில் சரிந்தால் பல்ஸ் நீளம் அதிகம். கோடு ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் மேலே வெட்டுப்பட்டிருந்தால் உணரி நிரம்பிவிட்டது, பெருக்கத்தை (கெயின்) குறையுங்கள். மூன்றும் இல்லையென்றால் இருட்டு நேரம் போதவில்லை. வெயிலில் நின்ற இலை வாங்கிய ஒளியை வெப்பமாகக் கொட்டும் பழக்கத்தை உடனே விடாது. அது அடங்கும்வரை எஃப்-எம் தாழ்ந்தே நிற்கும்.

"எவ்வளவு நேரம் இருட்டுல வைக்கணும்?"

புத்தகத்தில் 20 முதல் 30 நிமிடம் என்று இருக்கும். நிழலில் வளர்ந்த செடிக்கு அது போதும். மதிய வெயிலில் நின்ற மரத்துக்குப் போதாது. உங்கள் மரத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று அந்த மரத்திடமே கேளுங்கள். ஒரே கிளையில் ஒரே வயதுள்ள ஐந்து இலைகளில் கிளிப் போட்டு 10, 20, 30, 45, 60 நிமிடத்தில் ஒவ்வொன்றாக அளங்கள். விகிதம் எங்கே ஏறுவதை நிறுத்துகிறதோ அதுதான் உங்கள் நேரம். ஒரு மணி நேரத்திலும் நிற்கவில்லை என்றால் அது சோர்வு இல்லை, ஒளிக்காயம். அது ஆற மணிக்கணக்கில் ஆகும். அந்த மாதிரி மரத்தை விடிவதற்கு முன் அளப்பதுதான் நியாயம்.

இங்கே விடிவதே ஏழு மணியை ஒட்டித்தான், பல மாதம் அதையும் தாண்டித்தான். ஆறரைக்குள் அளவை முடித்துவிடுங்கள். கிளிப் தேவையில்லை, வானமே கிளிப். ஆனால் இலையைத் தேடக் கைப்பேசி டார்ச்சை அடித்தால் ராத்திரி முழுக்க இருட்டில் இருந்ததெல்லாம் வீண். முந்தின நாள் சாயங்காலமே இலைக் காம்பில் ரிப்பன் கட்டி வையுங்கள். மங்கலான பச்சை விளக்கு ஒன்று கையில் இருந்தால் போதும்.

"மதியச் சரிவு வரவே மாட்டேங்குது"

உச்சி வெயிலில் இந்த எண் சற்று இறங்கும், அதுதான் மதியச் சரிவு. அது வரவில்லையென்றால் சரியாக 12 மணிக்கு அளந்திருப்பீர்கள். பினாங்கு ஏறக்குறைய 100 பாகை கிழக்கில் இருக்கிறது, நம் கடிகாரமோ 120 பாகைக்கு உரியது. அதனால் சூரியன் இங்கே உச்சிக்கு வருவது 1.20 மணியைச் சுற்றித்தான். வெளிநாட்டுக் கட்டுரையில் 'நண்பகல் அளவு' என்று படித்துவிட்டு 12 மணிக்கு அளப்பவர், உண்மையில் காலை 10.40 மணி இலையை அளக்கிறார். ஒரு முழுப் பருவத் தரவு இப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். சோறு சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மரம் காத்திருக்கும்.

"ஒரே இடத்துல திரும்பத் திரும்ப அளந்தா குறைஞ்சுக்கிட்டே போகுது"

குறையத்தான் செய்யும். சந்தேகம் தீர்வதற்காக ஒரு நிமிடத்தில் ஐந்து பல்ஸ் அடித்தால், அந்த ஐந்துமே இலைக்கு அடிதான். ஒரு புள்ளியில் ஒரு பல்ஸ், அவ்வளவுதான். மறு அளவு வேண்டுமென்றால் பக்கத்து இலை.

"0.89 வந்திருக்கு, சூப்பர் மரம்"

சூப்பரும் இல்லை ஒன்றும் இல்லை. 0.85-ஐத் தாண்டி வருவதைச் செடியின் சாதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கருவியைப் பூச்சியப்படுத்தும்போது கழித்தது அதிகமாகிவிட்டது. அதிகம் கழித்தால் எஃப்-ஓ செயற்கையாகத் தாழும், விகிதம் ஏறும். இலை இல்லாமல், அதே கிளிப்போடு, அதே அமைப்பில் மறுபடி பூச்சியப்படுத்துங்கள். குறைந்த எண்ணைச் சந்தேகிக்கிற அளவுக்கு யாரும் நல்ல எண்ணைச் சந்தேகிப்பதில்லை. அதனால்தான் இந்தப் பிழை ஆய்வேடு வரைக்கும் போய்விடுகிறது.

"வெளியே போனதும் எண் ஆடுது"

ஏர்கோன் அறையில் இருந்த மூக்குக்கண்ணாடியோடு வெளியே வந்தால் என்ன ஆகும்? அதேதான் ஒளியிழை நுனிக்கும் ஆகும். பனி படிந்த நுனியோடு எடுத்த முதல் பத்து அளவுகளை நம்ப வேண்டாம். கருவியைப் பெட்டியோடு மூடியபடியே வெளியே வைத்து அரை மணி நேரம் காத்திருங்கள், பிறகு திறங்கள். முதலிலேயே திறந்துவிட்டு டிஷ்யூவால் துடைத்துக்கொண்டிருந்தால் நுனியில் கீறல்தான் மிச்சம். மழை பெய்த இலையை ஒற்றி எடுத்துவிட்டு அளங்கள், தேய்க்காதீர்கள். காற்றில் கிளை ஆடினால் ஒளியிழைக்கும் இலைக்கும் உள்ள தூரமும் ஆடும், பல்ஸ் அடிக்கிற அந்த ஒரு வினாடியில் ஆடினால் விகிதமும் கெடும். கிளையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தனியாகப் போகாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"மாமரத் தளிர்ல 0.6"

இது கோளாறு இல்லை. மா, இலவங்கப்பட்டை, ஜம்பு போன்ற மரங்கள் செந்தளிர் விடும். அந்த வயதில் இலையின் ஒளிச்சேர்க்கைச் சாமான் இன்னும் பூட்டி முடியவில்லை. முதிர்ந்த இலையோடு ஒப்பிடாதீர்கள். இலையின் வயதை நோட்டில் எழுதாமல் விட்டால் பிறகு யாராலும் இதைப் பிரிக்க முடியாது.

"பாசித் தண்ணியில 0.4தான் வருது"

பாசி வேறு உலகம். கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பாருங்கள். பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைக்கும்.

பச்சைப்பாசி என்றால் 0.7-ஐத் தாண்டி எதிர்பார்க்கலாம். டயட்டம் (கண்ணாடி போன்ற ஓடுள்ள நுண்பாசி) என்றால் 0.6, 0.7 வந்தாலே நலம். நீலப்பச்சைப்பாசி என்றால் 0.83 என்ற எண்ணையே மறந்துவிடுங்கள். அதில் ஒளியைப் பிடிப்பது பெரும்பாலும் பைக்கோபிலிசோம் என்ற தனி அமைப்பு. அதன் ஒளிர்வு எஃப்-ஓ-வில் கலந்து அதை உயர்த்திவிடும். போதாததற்கு, சுவாசமும் ஒளிச்சேர்க்கையும் அங்கே ஒரே சவ்வில் ஒரே மின்னணுப் பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் இருட்டில் வைத்தால் அந்தப் பாதை காலியாகாமல் நிரம்பிக்கொள்ளும், எஃப்-எம் தாழும். இலைக்கு இருட்டு ஓய்வு, இதற்கு இருட்டே தொந்தரவு. விளக்கைப் போட்டதும் உச்சம் இருட்டில் வந்ததைவிட ஏறுவது இதனால்தான். "வெப்பத் தணிப்பு மைனஸில் வருகிறது அண்ணே" என்று (ஒளியை வெப்பமாகக் கொட்டுவதன் கணக்கு அது) ஓடி வருகிறவர்களுக்கும் பதில் இதுதான்.

செய்ய வேண்டியது இரண்டு. அளவொளி நீலமாக இருந்தால் சிவப்பு ஆரஞ்சுக்கு, 620 நானோமீட்டர் பக்கம், மாற்றுங்கள். நீலத்தை இந்தப் பாசி சரியாக வாங்காது. உண்மையான உச்சம் வேண்டுமென்றால் டிசிஎம்யு சேர்த்து, விளக்கைப் போட்ட நிலையில் எஃப்-எம் எடுங்கள். அது மின்னணு அடுத்த கட்டத்துக்குப் போகும் இடத்தை அடைத்துவிடுவதால் மையங்கள் எல்லாம் மூடியே இருக்கும். டிசிஎம்யு என்பது டையூரான் என்ற களைக்கொல்லிதான். கையுறை போடுங்கள், மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பயன்படுத்திய குவளையைத் தனியாக வையுங்கள். கழுவியும் போகாத துளி அடுத்த மாதிரியைக் கொன்றுவிடும், நீங்கள் மறுபடி என்னைக் கூப்பிடுவீர்கள்.

அலையாத்திக் கழிமுகத் தண்ணீருக்கு இன்னொரு தொல்லை உண்டு. இலை ஊறிய தண்ணீர் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் இருக்கும். அந்த நிறமே ஒளிரும். பாசி குறைவாக உள்ள மாதிரியில் இந்தப் பின்னணி எஃப்-ஓ-வையும் எஃப்-எம்மையும் ஒரே அளவு தூக்கும், விகிதம் சரியும். அதே மாதிரியை 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, வடிந்ததை வைத்துப் பூச்சியப்படுத்துங்கள். காய்ச்சி வடித்த நீரை வைத்தால் போதாது. தெலுக் பஹாங் பக்கத்துத் தெளிந்த கடல்நீரில் எடுத்த பூச்சியத்தை ஆற்றுமுகத் தண்ணீருக்குப் போட்டவர் ஒருவர், ஆற்றுப்பாசி முழுக்க நோயாளி என்று ஒரு வரைபடமே போட்டுவிட்டார்.

குவளையில் எண் மெல்லக் கீழே போய்க்கொண்டிருந்தால் செல்கள் அடியில் படிகின்றன. கலக்கி அளங்கள். குமிழி இருந்தால் தட்டி விடுங்கள்.

"மின்னணு ஓட்டம் ஆகாயத்துக்குப் போகுது"

வெளிச்சத்தில் கிடைத்த விளைதிறனை (அதே மாதிரி விகிதத்தை வெளிச்சத்திலேயே அளந்தது) ஒளியின் அளவால் பெருக்கி, 0.5-ஆலும் 0.84-ஆலும் பெருக்கினால் வருவது அது. வாங்கிய ஒளியில் பாதி, ஒளிச்சேர்க்கையின் இரண்டு ஒளியமைப்புகளில் நாம் அளக்கும் ஒன்றுக்குப் போகிறது, நூற்றில் 84 பங்கை இலை வாங்குகிறது என்ற இரண்டு ஊகங்கள் அதற்குள் இருக்கின்றன. வெளிறிய இலையிலும் தளிரிலும் இரண்டாவது ஊகம் பொருந்தாது. ஆனால் பெரும்பாலும் குற்றவாளி ஒளி உணரிதான். இலை ஒரு பக்கம் சாய்ந்திருக்க, உணரி நேரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். நம் உச்சி வெயில், சதுர மீட்டருக்கு வினாடிக்கு 2000 மைக்ரோமோல் வரை போகும். இலைக்குக் கிடைப்பது அதில் பாதிகூட இல்லாமல் இருக்கலாம். உணரியை இலையின் சாய்விலேயே பிடியுங்கள்.

"எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் குறைவாத்தான் வருது"

அப்படியென்றால் செடியை நம்புங்கள்.

பாலிக் புலாவ் தம்பி நுரை மாற்றிய கிளிப்புகளைப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கே, கிளிப் தேவைப்படாத இருட்டில், போய் நின்றான். பன்னிரண்டு மரத்தில் பதினொன்று 0.78-க்கும் 0.82-க்கும் நடுவில் வந்தன. ஒன்று மட்டும் 0.63. கிளிப்பே போடாத அளவு அது. எஃப்-ஓ ஏறி, எஃப்-எம் இறங்கி, இரண்டும் சேர்ந்து கெட்டிருந்தது. மூன்று இலையிலும் அதே கதை. "அண்ணே, இதுக்கும் கிளிப்தானா?" என்று கேட்டான். வெளிச்சம் வந்ததும் வேர்ப்பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னேன். யாரோ கொட்டிய மண், மூச்சுவிடும் வேர்களின் மேல் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அந்த மரத்துக்கு மட்டும் இப்போது வாரம் ஒரு முறை, ஆறரை மணிக்குள், அதே மூன்று இலைகளுக்குப் பக்கத்து இலைகள்.